நோய் வீட்டில் மல்லிகை

ஸ்வர்ணா வீட்டில் யாருக்கோ புற்றுநோய், மூளைவரை பரவிவிட்டதாம். கேள்விப்பட்ட ருக்கு, சந்தாபுராவிலிருந்து ஆப்பிளோடு வந்திருந்தாள்.

மொட்டைத் தலையோடு கதவைத் திறந்தார் ஸ்வர்ணாவின் கணவர். பாவம், மனுஷர் பாதியாகியிருந்தார். அவர் பின்னால் நீளப் பின்னலும் மல்லிகையுமாக ஸ்வர்ணா. ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நன்னாயிருக்குடி! வீட்ல இப்படியொரு சீக்கு, உனக்குப் பூ கேக்குதா? கொஞ்சமாவது கவலையிருக்கா?"

"இருக்கு மாமி. நாளைக்கு ஸ்கேன்ல கட்டி சுருங்கியிருக்கணுமே."

"கவலைப்படற லட்சணத்தைப் பாரு! நீங்க போய்ப் படுங்கோ சார்."

அவர் படுக்கவில்லை. உள்ளேபோய் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்து மனைவியிடம் நீட்டினார்.

"போட்டுக்கோம்மா, நேரமாச்சு."

ருக்கு விழித்தாள்.

"மூளைக்குள்ள போய்க் கட்டியை மட்டும் குறிவைக்கிற மாத்திரை மாமி. அதான் எனக்கு முடி கொட்டலை," என்றாள் ஸ்வர்ணா. "மொட்டை, எனக்காக இவர் திருப்பதியில போட்டது. இப்பச் சொல்லுங்கோ, யாரு படுக்கணும்?"