சிக்னல் மேடு

அவள் வந்தபோது மேட்டில் ஆள் இருந்தது.

கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தின் மேல் ஒரு ஜோடி. வெளியூர். அவன் காதில் போன்.

சட்டென்று திரும்பிக்கொண்டாள். பத்தடி தள்ளிப் போய், கடலைப் பார்த்து நின்றாள்.

இந்த ஊரில் அப்படித்தான். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மணல், நடுவில் நாற்பது வீடு. சிக்னல் கிடைப்பது அந்த வள்ளத்தின் மேல் மட்டும். நாலடி நகர்ந்தால் போச்சு. அதனால் ஒருவர் பேசும்போது அடுத்து நிற்பவர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. பேசி முடித்தவர் தானாக எழுந்து வந்து, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் கூட்டம் போட்டு வைத்த சட்டமில்லை, ஆனாலும் இதுவரை யாரும் மீறியதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, ஆஸ்பத்திரிச் சேதி, அழுகை எல்லாம் அந்த மேட்டோடு சரி. ஊருக்குள் வராது.

மணி மூன்று ஐம்பது. நல்லவேளை, இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நாலு மணிக்கு இன்னாசி கூப்பிடுவான். அவள் புருஷன். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி முதலாளி கையெழுத்துக் கேட்கிறார் என்று போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தான். நீ என்ன சொல்கிறாயோ அதுதான், யோசித்து வை என்றான். நாலரைக்குப் படகு கிளம்பும். அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

யோசிக்க என்ன இருக்கிறது? கட்டுகிற வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. நிற்கட்டும். வாரம் முழுக்க அவள் ஒரே ஒரு வார்த்தையைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

வந்துருங்க.

நாலு மணி.

பின்னால் பேச்சு ஓயவில்லை. காற்று வார்த்தைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. சிரிப்பு மட்டும் வந்தது. இப்படி விழுந்து விழுந்து சிரிக்க, அந்தப் பக்கம் யார்தான் பேசுகிறார்களோ.

இருமினாள்.

இந்த மேட்டில் இருமுவதே சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான். அவர்களுக்கு அது உறைக்கவில்லை.

சனி ஞாயிறானால் இப்படி யாராவது மணலில் கால் புதையப் புதைய நடந்து வருகிறார்கள். என்ன அமைதி, என்ன அமைதி என்று மாய்ந்து போகிறார்கள். வேண்டுமட்டும் அள்ளிக்கொண்டு போகட்டும், யார் வேண்டாமென்றது? அந்தப் போனை மட்டும் வைத்துத் தொலைத்தால் போதும்.

நாலு பத்து.

எரிச்சலாக வந்தது. போய்க் கேட்டுவிடலாம். ஆனால் என்னவென்று கேட்பது? இங்கே யாரும் யாரையும் எழுந்திரு என்று சொன்னதேயில்லை. தவிர, அவர்களுக்கும் வேண்டியவர்கள் யாராவது கடல் தாண்டி இருக்கலாம். யார் கண்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த போனில் மணி மட்டும்தான் பார்க்க முடிந்தது. நாலு பதினைந்து. நாலு இருபது. இன்னொரு முறை இருமினாள். வேண்டுமென்றே, பலமாக.

நாலு முப்பத்திரண்டு.

திரும்பினாள்.

அவன் காதில் போன் இல்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒரு போன் இருந்தது, உயர்த்திப் பிடித்தபடி, நேராக இவளைப் பார்த்து.

"ஐயோ, திரும்பாதீங்கக்கா! அப்படியே நில்லுங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு நேரமா கடலையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! பாக்கவே அவ்வளவு நிம்மதியா இருக்கு."

"அவுக போன் பேசிக்கிட்டு இருந்தாகளே... எப்ப முடிச்சாக?"

அது அப்போதே முடிந்துவிட்டது என்றான் அவன். வண்டிக்காரரிடம் ஒரு நிமிஷம்தான் பேசினானாம். அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அவள் ஓடிப் போய் வள்ளத்தின் மேல் ஏறினாள்.

போன் அதிர்ந்தது. எடுக்காமல் போன அழைப்பு மூன்று. அப்புறம் ஒரு குரல் பதிவு.

"நீ எடுக்கல. இருங்கன்னு வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டுத்தான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுது புள்ள. வீடும் பாதியில நிக்கிதுல்ல. சரி, கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசந்தானே. கெளம்பிட்டோம், வச்சிர்றேன்."

திரும்ப அடித்தாள். போகவில்லை. மறுபடியும் அடித்தாள். போகவில்லை.

அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னையும்தான். வாய்க்குள் ஒரு வாரமாகக் கிடந்த வார்த்தை அங்கேயே கிடந்து எரிந்தது.

அந்தப் பெண்ணோ பக்கத்தில் வந்து படத்தைக் காட்டினாள். ஊருக்குப் போனதும் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டப்போகிறாளாம். உங்களுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

பார்த்தாள்.

கடல். மணல். ஓரத்தில் வள்ளத்தின் மூக்கு. அதிலிருந்து பத்தடியில் ஒரு முதுகு. கையில் இறுக்கிப் பிடித்த போன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நம்பரைச் சொன்னாள்.

படம் வந்தது. அதை அப்படியே இன்னாசிக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதலாம் என்று விரல் கொஞ்சம் தயங்கியது. ஒன்றும் எழுதவில்லை. அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தான்.

ஒரு டிக் விழுந்தது.

இரண்டாவது விழ, படகு கரைக்குத் திரும்ப வேண்டும். பதினைந்து நாளாகும்.