தேவகி கொடுத்த தேத்தண்ணி

மலேசியாவின் சாஆ ஊரில் வருடா வருடம் அதே வீடுகளுக்குப் போய் குடும்பத்தாரின் வேலை, வருமான விவரங்களைக் கேட்டு எழுத வேண்டிய கணக்கெடுப்பாளர் ஷாமளா. இந்த முறை மேலாளர் ஆசிக்கும் உடன் வந்தார். அவ்வீடுகளில் ஒன்றான குணாளன் வீட்டு வாசலில், அவன் பக்கத்தில் போலீஸ் நின்றது.

"இவர் சம்சாரம் தேவகியை ரெண்டு வருஷமா யாருமே பார்க்கலையாம். அவங்க அண்ணன் புகார் கொடுத்திருக்காரு," என்றார் அதிகாரி.

ஆசிக் டேப்லெட்டைத் தட்டினார். "அலமாக், அதெப்படி! போன வருஷம்கூட ஷாமளா அவங்ககிட்ட நேர்ல பேசி எழுதியிருக்காங்களே. வீட்டுல தையல், மாசம் எண்ணூறு வெள்ளி."

குணாளன் ஷாமளாவை உற்றுப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"ஆமா லா. தேவகிதானே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தா. ஞாபகம் இருக்குல்ல, தங்கச்சி?"

ஷாமளா தலையாட்டினாள்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அந்த வீட்டுப் பதில்களை வருடந்தோறும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவளேதான் எழுதினாள். இந்த வீட்டுக்கு அவள் வந்ததே இன்றுதான்.