பேசாத ஒரு மணி நேரம்

பேச்சு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேச்சாளரின் லேப்டாப்பில் வைஃபை குறி காணாமல் போனது.

அன்றைய தலைப்பு 'இணையம் இல்லாத இல்லம்'. பேசவேண்டியது இணையத்தில்.

ஞாயிறுதோறும் மாலையில் அவர் இப்படிப் பேசுவது வழக்கம். கைப்பேசியைக் கீழே வையுங்கள், வீட்டில் இருப்பவர்களோடு வாய்விட்டுப் பேசுங்கள் என்பார். சொல்வதோடு நிற்பவரும் இல்லை. தானும் பட்டன் போனுக்கு மாறி, மனைவியின் ஸ்மார்ட்போனையும் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் இணையம் என்று இருந்தது அந்த ஒரு லேப்டாப்பில்தான். அதுவும் இணையத்தை எதிர்ப்பதற்காக.

லேப்டாப்பை அணைத்துப் போட்டார். குறி வரவில்லை. மேஜையைத் தட்டினார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மனைவியிடம், நீதான் பெருக்கும்போது எதையோ தட்டிவிட்டிருப்பாய் என்று பாய்ந்தார். அந்த அறைக்குள் அவளை விட்டே பல நாள் ஆகியிருந்தது.

"என் தம்பியைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அவள் தம்பிக்குக் கம்ப்யூட்டர் கடையில் வேலை. இயந்திரத்துக்கு அடிமையான தலைமுறை என்று பேச்சுக்குப் பேச்சு அவர் உதாரணம் காட்டுவது அவனைத்தான். இப்போது அவரே அவன் எண்ணைத் தேடி அழுத்தினார்.

"டிவைஸ் மேனேஜரைத் திறங்க மாமா. நெட்வொர்க் அடாப்டர்னு ஒரு வரி இருக்கா?"

"இருக்கு."

"அதுக்குக் கீழே வயர்லெஸ்னு எதாவது?"

"புளூடூத்னு ஒண்ணு இருக்கு. வேற ஒண்ணும் இல்லைப்பா."

அப்படியானால், தனக்குள்ளே வைஃபையைப் பிடிக்கும் அடாப்டர் இருப்பதையே லேப்டாப் மறந்துவிட்டது என்றான் மைத்துனன். மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொன்னான். அதிலும் இல்லை. புதிதாகத் தேடச் சொன்னான். தேடிவிட்டுக் கையை விரித்தது. வயர் போட்டு இணைக்கலாமா என்றான். வீட்டில் வயர் இல்லை. ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் லேப்டாப் ஆற அமரத்தான் எழுந்தது.

பேச்சு தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. நிகழ்ச்சியை நடத்தும் வாசகர் மன்றச் செயலாளரைக் கூப்பிட்டு, இன்றைக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாமே என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது? இணையம் இல்லாம எப்படி வாழறதுன்னு பேச வந்தவன், இணையம் இல்லாம முழிச்சிட்டு உட்கார்ந்திருக்கான்னா?"

பிறகு லேப்டாப் செய்த கம்பெனி, மைத்துனனின் படிப்பு, மனைவி பிறந்த வீடு என்று வரிசையாக எல்லாருக்கும் திட்டு விழுந்தது. போனில் இருந்த மைத்துனனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

கடைசியாக ஒரு வழி சொன்னான். "முழுசா அணைச்சிட்டு சார்ஜரைப் பிடுங்குங்க மாமா. பவர் பட்டனை அரை நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க. உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் வடியட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பார்ப்பவர்கள் தியானம் என்றுதான் நினைப்பார்கள். மறுபடி போட்டதும் வைஃபை குறி சாதுவாக வந்து உட்கார்ந்தது. ஆனால் நிகழ்ச்சி நேரம் முடிந்து போயிருந்தது.

மானம் போய்விட்டது என்று நினைத்தபடியே நிகழ்ச்சிப் பக்கத்தைத் திறந்தார்.

அங்கே நடந்திருந்தது வேறு. தலைப்பையும் பேச்சாளர் கைகூப்பி நிற்கும் படத்தையும் திரையில் போட்டுவிட்டுச் செயலாளர் காத்திருந்தார். போன் செய்தபோதெல்லாம் பிஸி. சற்று நேரத்தில் யாரோ ஒருவர், 'பேசாமலே சொல்லிவிட்டீர்கள், புரிந்துவிட்டது ஐயா' என்று எழுதினார். தனக்குப் புரியவில்லை என்று எழுத மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. சிலர் நிஜமாகவே எழுந்து போய் வீட்டில் பேசியிருந்தார்கள். பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவோடு பல மாதம் கழித்துப் பேசினேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா பேசியிருந்தால்கூட இவ்வளவு புரிந்திருக்காது என்றார் இன்னொருவர்.

செயலாளர் போனில் வந்தார். குரல் தழுதழுத்தது. "எப்படிங்கய்யா இப்படி ஒரு யோசனை வந்தது?"

பேச்சாளருக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"உள்ளேயிருந்து வந்தது" என்றார்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "நடந்ததைச் சொல்லியிருக்கலாமே?"

"ஜனங்க நம்பிக்கையை உடைக்கக் கூடாது" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறும் அதே நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டார்கள். இந்த முறை கூட்டம் மும்மடங்கு. லேப்டாப்புக்கு ஒரு குறையும் இல்லை. திரையில் தலைப்பும் படமும் மட்டும். பேச்சாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வந்து விழும் பாராட்டுகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

ஊரெல்லாம் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள், அவருக்கும் இன்று பேச்சு வேலை இல்லை என்று மனைவிக்குத் தோன்றியது. குளியலறைச் சுவரில் கசியும் தண்ணீரிலிருந்து தன் முழங்கால் வலி வரை அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து கதவைத் தட்டினாள்.

"என்னங்க, கொஞ்சம் வெளியே வாங்களேன். சும்மா பேசிட்டிருக்கலாம்."

உள்ளேயிருந்து எரிச்சலாகக் குரல் வந்தது.

"தொந்தரவு பண்ணாதே. அத்தனை பேரும் அவங்கவங்க குடும்பத்தோட பேசிட்டிருக்காங்க, நான் அதைக் கவனிக்க வேண்டாமா?"