புதன்கிழமைப் பழம்

“காம்பைச் சுத்தமா கிள்ளணும், ஜெரூ. பச்சையா ஒண்ணு ஒட்டிட்டு இருந்தாலும் மாட்டிக்குவோம்.”

“நீங்க வேற பயமுறுத்தாதீங்க. கிள்ளறதே நீங்கதானே.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் மணத்தக்காளிச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. ஜெரூஷா நன்றாகக் கறுத்த பழங்களாகப் பார்த்துப் பறித்தாள். மெர்வின் ஒவ்வொன்றாகக் காம்பு நீக்கிக் கிண்ணத்தில் போட்டான். பாதிப் பழம் அவன் விரலிலேயே நசுங்கியது.

எல்லாம் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அபிகாயிலின் டப்பாவுக்காகத்தான். இடைவேளையில் என்ன பழம் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் ஒரு சார்ட் கொடுத்திருந்தார்கள். திங்கள் ஆப்பிள், செவ்வாய் மாதுளை. அதுவரை சமாளிக்கலாம். புதன்கிழமை புளூபெர்ரி, கருநீலத்தில் குட்டிக் குட்டி உருண்டையாக இருக்கும் வெளிநாட்டுப் பழம்.

தாம்பரத்தில் டூவீலர் ஷோரூமில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை மெர்வினுக்கு. சம்பளத்தில் பாதி பள்ளிக் கட்டணத்துக்கே போய்விடும். உள்ளங்கை அளவு புளூபெர்ரிப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு, “இது என் ஒரு வாரத்துப் பெட்ரோல்” என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

முதல் இரண்டு புதன்கிழமைகளும் ஜெரூஷா கொய்யாத் துண்டுகள் கொடுத்தனுப்பினாள். “இது சார்ட்லயே இல்லையே” என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டது. அபி மூடியைத் திறக்காமலே டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“நான் இனிமே ஓரத்து பெஞ்சுலயே உக்காந்துக்கறேம்மா. அங்கதான் நல்லா காத்து வருது” என்றாள்.

அன்றைக்குத்தான் ஜெரூஷாவின் கண்ணில் இந்தச் செடிகள் பட்டன.

மூன்று வாரமாக அபி நடு பெஞ்சில்தான். போன புதன்கிழமை துள்ளிக்கொண்டே வந்தாள்.

“அம்மா, கிரீஷ் என்கிட்ட ஒரு புளூபெர்ரி வாங்கிச் சாப்பிட்டான். எங்க வீட்டுதும் இதே டேஸ்ட்தான்னு சொன்னான்!”

“பாவம், ஏமாந்துட்டான்” என்று மெர்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அன்று மாலைவரைகூடத் தாங்கவில்லை. குழந்தைகளின் டப்பாக்களைப் படமெடுத்து டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். உடனே கிரீஷின் அம்மா விஷ்ணுப்ரியா கேட்டாள்: ‘அபி அம்மா, நீங்க எந்தக் கடையில வாங்கறீங்க?’

அந்த குரூப்பை நடத்துவதே விஷ்ணுப்ரியாதான். பெரிய அபார்ட்மென்ட், பெரிய கார். பதறிப்போன ஜெரூஷா, வாயில் வந்த ஊரை எழுதிவிட்டாள்: ‘நாவலூர்ல ஒரு கடை.’

“அவங்க இருக்கறதே நாவலூர்தானே!” என்று மெர்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். “அவங்க ஊர்ல இல்லாத கடையை அவங்களுக்கே காட்டியிருக்கே!”

விஷ்ணுப்ரியா அதற்குப் பதில் எதுவும் போடவில்லை. ஆறு நாளாக அந்த மௌனம்தான் ஜெரூஷாவைத் தூங்கவிடாமல் செய்தது.

இப்போது போன் அடித்தது. கிரீஷ் அம்மா.

“அபி அம்மா, உங்க வீடு செம்பாக்கம் ஏரிப் பக்கம்தானே? தெருமுனைக்கு வந்துட்டேன். உங்ககிட்ட நேர்லதான் பேசணும்.”

மெர்வின் கிண்ணத்தை வாளிக்குள் வைத்துத் துண்டைப் போட்டு மூடுவதற்குள் கார் வாசலில் வந்து நின்றது.

“வாங்க, உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்” என்றாள் ஜெரூஷா.

“இல்லைங்க. உள்ள வேண்டாம்.” விஷ்ணுப்ரியாவின் பார்வை வீட்டைத் தாண்டிக் காலி மனைக்குப் போனது. மடிப்புக் கலையாத சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகச் செடிகளுக்கு நடுவே போய் நின்றாள்.

“போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒரு பழத்துல பச்சைக் காம்பு ஒட்டிட்டு இருந்துச்சு” என்றாள்.

மெர்வின் குற்றவாளிபோலத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

ஜெரூஷாவுக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. “எங்களை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கிரீஷ் அம்மா. குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க. பழத்துல ஒண்ணும் கெடுதல் இல்லை, நானும் சாப்பிட்டுப் பார்த்துதான் கொடுக்கறேன். என் பொண்ணு இப்பத்தான் நடு பெஞ்சுக்கு வந்திருக்கா. மறுபடி ஓரத்துக்குப் போயிட்டா, அப்புறம் எதுக்கும் வாயே திறக்க மாட்டா.”

விஷ்ணுப்ரியா குனிந்து ஒரு பழத்தைப் பறித்தாள். கட்டைவிரல் நகத்தால் லேசாக ஒரு சுண்டு. பழம் நசுங்காமல், காம்பு மட்டும் தனியாகத் தெறித்து விழுந்தது. மெர்வின் வாயைப் பிளந்து பார்த்தான்.

அவள் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“கிரீஷ் அப்பாவுக்கு வேலை போய் அஞ்சு மாசமாச்சு, யாருக்கும் தெரியாது. எங்க அபார்ட்மென்ட் மோட்டார் ரூம் பின்னாடி இதே செடி நாலு இருந்துச்சு, அதையும் நேத்து தோட்டக்காரர் களைன்னு பிடுங்கிப் போட்டுட்டார்” என்றவள், கைப்பையிலிருந்து கிரீஷின் காலி டப்பாவை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினாள். “நாளைக்குப் புதன்கிழமை, அபி அம்மா…”