ஏழு ஓட்டை பெல்ட்

மாசிலாமணியின் பெல்ட்டில் கடையில் வாங்கும்போதே ஐந்து ஓட்டைகள் இருந்தன. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு ஐந்தாவது ஓட்டையில் மாட்டினாலும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மனைவி அமுதவல்லி ஓர் ஆணியை இடுக்கியில் பிடித்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆறாவது ஓட்டை போட்டாள். அடுத்த மாதம் ஏழாவது.

"எட்டாவதையும் இப்பவே போட்டு வச்சிடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அப்பப்ப பாத்துக்கலாம்" என்றார் அவர்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் பெல்ட்டின் நுனி இன்னும் கொஞ்சம் சுற்றிப் போனது.

"ஆணியண்ணே, நீங்க குத்தக் குத்த நான் வளர்றேன்" என்றது பெல்ட்.

ஆணி குழம்பியது. "ஓட்டை போட்டா எதுவும் குறையத்தானே செய்யும்?"

"அப்ப என் நுனி எப்படி முதுகு வரைக்கும் போச்சு?"



எட்டாவது ஓட்டை போடவே இல்லை. சில மாதம் கழித்துப் பக்கிள் முள் ஆறாவது ஓட்டைக்குத் திரும்பியது, பிறகு ஐந்தாவதுக்கு. நான்காவதில் மாட்டிய அன்று அமுதவல்லி அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆணியைச் சுவரில் அடித்தாள். சாமி கும்பிட்டுவிட்டுப் பாயசம் வைத்தாள்.

சாயங்காலம் அந்த ஆணியில் தொங்கிய பெல்ட் விசும்பியது. "நான் சுருங்கிட்டே வர்றேண்ணே. அதுக்கு எதுக்கு இந்த வீட்ல பாயசம்?"

"எனக்கும் அதான் புரியல. எனக்கு வேலை போனதுக்கு ஏன் சாமி கும்பிட்டாங்க?" என்றது ஆணி.