வீரையனுக்கு ஒரு சீட்டு

கல்பாக்கம் பஸ் செங்கல்பட்டு ஸ்டாண்டுக்குள் வந்து முழுசாய் நிற்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாக ஒரு பை பறந்துபோய் இரண்டாவது சீட்டில் விழுந்தது.

சாதாரணப் பை இல்லை. துணியே தெரியாத அளவுக்கு பேட்ஜ். எல்லாவற்றிலும் ஒரே முகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வருகிற விண்வெளி வீரையன். ஜிப்பில் தொங்கிய நாலு கீ-செயினிலும் அவனேதான்.

முண்டியடித்து ஏறிய கோபாலகிருஷ்ணனுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான். மாற்றலாகி வந்து ஆபீசுக்கு முதல் நாள். மூட்டு வலி வேறு. பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ சார், அது என் பை!"

காலேஜ் படிக்கிற பிரதீபா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"நீ உட்காரணுமா?"

"இல்ல சார், நான் நின்னுப்பேன். பைக்குத்தான் சீட்டு."

"பைக்கா?"

"கீழ வெச்சா வீரையன் அழுக்காயிடுவான் சார். ப்ளீஸ், எழுந்திரிங்களேன்."

கோபாலகிருஷ்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மனுஷன் நிக்கணும், பொம்மை உட்காரணுமா? நல்லா இருக்கும்மா கதை! பைக்கு டிக்கெட் எடுத்தியா? உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்!"

 அவள் வாசற்படியையே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் தன் கட்சி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கூட்டம் ஏறி முடிந்த பிறகு, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒருவர் படியேறினார். கறுப்புக் கண்ணாடி.

கோபாலகிருஷ்ணன் பதறி எழுந்தார். வாய் திறப்பதற்குள், வேண்டாம் என்று தலையாட்டிக் கையெடுத்துக் கும்பிட்டாள் பிரதீபா. அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் சட்டென்று பையை சீட்டில் வைத்தாள்.

"காசிநாதன் அண்ணா, வந்துட்டீங்களா?"

"வந்துகினே கீறேன்மா. வீரையன் எங்க?"

"ரெண்டாவது சீட்டு."

காசிநாதன் கம்பியைப் பிடித்தபடி வந்து, பேட்ஜுகளை விரலால் தடவிப் பார்த்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கூத்தைப் பாத்தீங்களா சார்? இத்தைக் கீழ வெக்க அந்தப் பொண்ணுக்கு மனசே வராது. எனக்கு நின்னுகினு போறது ஒண்ணும் கஷ்டமில்ல. பாவம்னு எவனாவது எழுந்து இடம் குடுத்தாக்கூட உக்கார மாட்டேன், எனக்கு ஆகாது. ஆனா ஒரு கொயந்த, மடியில வெச்சுக்குங்கன்னு ஆசையா கேக்கறப்ப இன்னா பண்றது? அது சந்தோஷத்துக்கோசரம் தெனமும் உக்காந்துகினு போறேன்!"