காப்பி நோட்டு மயில்

டீச்சர் ஓய்வு பெற்றுப் போனபோது பள்ளிக்கூட மேசை இழுப்பறையில் இரண்டு பேரை மறந்துவிட்டுப் போனார். ஒன்று, மை வற்றிய சிவப்புப் பேனா. இன்னொன்று, மூன்றாம் வகுப்புத் தரையில் அவர் கண்டெடுத்த கட்டைப் பென்சில். பேச்சுத் துணைக்கு வேறு ஆள் இல்லை.

"வெள்ளிக்கிழமை வந்தாலே காப்பி நோட்டு ஞாபகம்தான்," என்றது பென்சில். "ஒரே வரியைப் பக்கம் முழுக்க எழுதணும். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க அண்ணே. என்னை வச்சு எழுதின தேன்மொழி வரி வரியா எழுதவே மாட்டா. 'மழை'யை மேலேயிருந்து கீழே வரைக்கும் எழுதுவா. அப்புறம் 'வந்தால்', அப்புறம் 'மயில்'. சீக்கிரம் முடிச்சாத்தானே விளையாடப் போகலாம்."

பேனாவும் தன் பங்குக்கு ஒப்புக்கொண்டது.

"நாங்க மட்டும் என்னவாம்? எல்லா நோட்டையும் விரிச்சு அடுக்கி வச்சுப்போம். முதல்ல எல்லாத்துக்கும் டிக். அப்புறம் எல்லாத்துக்கும் 'நன்று'. கடைசியில கையெழுத்து. டீச்சரும் பஸ்ஸைப் பிடிக்கணும்ல."

இரண்டும் சிரித்தன. சிரிப்பு அடங்கியதும் பேனா மெதுவாகக் கேட்டது: "ஆமா, அந்த மழை வரி முழுசா என்னதான் சொல்லிச்சு?"

பென்சில் யோசித்தது. பக்கம் முழுக்க எழுதியும் அது ஒரு தடவைகூடச் சேர்த்துப் படித்ததில்லை. ஒவ்வொரு சொல்லாக நினைவுக்குக் கொண்டுவந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

"மழை... வந்தால்... மயில்... ஆடும்."

"இன்னொரு தரம் சொல்லு," என்றது பேனா.

அந்த மயில் அன்றைக்குத்தான் ஆடியது.